தலைச்சன் பிள்ளையின் எடை: தாயின் வயதா, பிரசவக் கணக்கா?

கேள்வி இதுதான்: “எனக்கு வயது 33. இதுதான் முதல் கர்ப்பம், ஏழாவது மாதம் நடக்கிறது. ‘வயசு போய் உண்டானா பிள்ளைக்கு எடை ஏறாது’ என்று என் அத்தை கவலைப்படுகிறார். என் அக்காவுக்கு 20 வயதில் பிறந்த முதல் பிள்ளை 2.4 கிலோ. 23 வயதில் பிறந்த இரண்டாவது 2.9 கிலோ. ‘அடுத்தடுத்த பிள்ளைக்கு எடை கூடத்தான் செய்யும்’ என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அதற்குப் பதினைந்தே மாதத்தில் பிறந்த மூன்றாவது பிள்ளை 2.6 கிலோ. அப்படியானால் பிள்ளையின் எடையை முடிவு செய்வது தாயின் வயதா, எத்தனையாவது பிரசவம் என்பதா?”

முதலில் உங்கள் அத்தையின் கவலைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். 33 வயது என்கிற ஒரே காரணத்துக்காகப் பிள்ளை எடை குறைந்து பிறக்காது. தலைச்சன் என்பதற்காகக் கொஞ்சம் குறையலாம். அது நூறு, நூற்றைம்பது கிராம், மிஞ்சினால் இருநூறு. மற்றபடி உங்கள் பிள்ளையின் எடை உங்கள் உடம்பு, ரத்தம், பிரஷர், சுகர், எத்தனை வாரத்தில் பிரசவம் ஆகிறது என்பவற்றைப் பொறுத்தது. உங்கள் அக்காவின் மூன்று பிள்ளைகளின் எடையிலும் ஒவ்வொரு பாடம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நான் இருபத்தெட்டு வருடம் பிரசவ அறையில் செவிலியராக இருந்தவள். பிறந்த பிள்ளையைத் துடைத்து, தராசில் கிடத்தி, பதிவேட்டில் எடையை எழுதிய கை இது.

அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு தாயின் பெயருக்கு எதிரேயும் வயது இருக்கும், பக்கத்தில் ‘ஜி2 பி1 எல்1’ என்பது போல ஒரு குறிப்பு இருக்கும். இரண்டாவது கர்ப்பம், ஏற்கெனவே ஒரு பிரசவம், உயிரோடு இருக்கும் பிள்ளை ஒன்று என்று அதற்கு அர்த்தம். பிறகு எத்தனை வாரம், ஆணா பெண்ணா, கடைசியில் எடை. வயதையும் எடையையும் மட்டும் எடுத்து ஒரு படம் போட்டால் அழகாக ஒரு கோடு வரும்: 18 வயதில் எடை குறைவு, வயது ஏற ஏற எடையும் ஏறி, முப்பதை ஒட்டி நின்று, அப்புறம் லேசாக இறங்கும். பார்த்தவுடன் “வயதுதான் காரணம்” என்று சொல்லத் தோன்றும். ஆனால் வயதும் பிரசவக் கணக்கும் கையைக் கோத்துக்கொண்டு நடப்பவை. 19 வயதுப் பெண்ணுக்குப் பெரும்பாலும் அது தலைப்பிரசவம். 28 வயதுப் பெண்ணுக்குப் பெரும்பாலும் இரண்டாவது.

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன், இது நிஜப் புள்ளிவிவரம் அல்ல. தலைச்சன் பிள்ளைகளின் சராசரி 2.70 கிலோ, இரண்டாவது பிள்ளைகளின் சராசரி 2.85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தாயின் வயதால் எந்த மாற்றமும் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். 20 வயதுத் தாய்மார் நூறு பேரில் 80 பேருக்குத் தலைப்பிரசவம், மற்றவர்களுக்கு இரண்டாவது. 27 வயதில் நூறு பேரில் 30 பேருக்குத்தான் தலைப்பிரசவம். சராசரி போட்டால் 20 வயதுக்காரர்களுக்கு 2.73 கிலோ வரும், 27 வயதுக்காரர்களுக்கு 2.805 கிலோ வரும். வயது ஒன்றுமே செய்யாத இடத்திலும் 75 கிராம் வித்தியாசம் வந்துவிட்டது பாருங்கள். அதனால்தான் வயதைப் பற்றிப் பேச வேண்டுமானால் தலைச்சனைத் தலைச்சனோடும், இரண்டாவதை இரண்டாவதோடும் ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டால் இருபதுகளின் தொடக்கத்துக்கும் முப்பதுகளின் தொடக்கத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசம் நன்றாகச் சுருங்கிவிடும்.

பிரசவக் கணக்கின் பங்கு அப்படிச் சுருங்குவதில்லை. அது உண்மையான உடம்புச் சமாச்சாரம். கர்ப்பப்பையின் சுவரில் சுருள் சுருளாகச் சின்ன ரத்தக் குழாய்கள் உண்டு. நஞ்சுக்கொடி வேர் பிடிக்கும்போது அதன் செல்கள் இந்தக் குழாய்களுக்குள் நுழைந்து, இறுக்கமான தசைச் சுவரைத் தளர்த்தி, வாயை அகலமாக்குகின்றன. அப்போதுதான் பிள்ளைக்குத் தாராளமாக ரத்தம் போகும். முதல் கர்ப்பத்தில் இந்த வேலை புதிதாக நடக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு குழாய்கள் சுருங்கினாலும் முழுக்கப் பழைய நிலைக்குப் போவதில்லை. ஒருமுறை தூர் வாரிய வாய்க்காலில் அடுத்த பாசனத்துக்குத் தண்ணீர் லேசாக ஓடுகிற மாதிரி, இரண்டாவது கர்ப்பத்தில் ரத்தம் சுலபமாகப் பாய்கிறது. கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறி உடம்பு வீங்குகிற தொல்லை தலைப்பிரசவத்தில் அதிகமாக இருப்பதற்கும் இதோடு தொடர்பு உண்டு.

இந்த வித்தியாசம் எவ்வளவு நம்பகமானது என்றால், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2013-இல் தென்னிந்தியக் குழந்தைகளுக்கு என்று ஓர் எடை அளவுகோல் வெளியிட்டபோது, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி, தலைச்சனுக்கும் அடுத்த பிள்ளைகளுக்கும் தனி என்று பிரித்தே போட்டார்கள். பெண் பிள்ளை சராசரியாக ஆண் பிள்ளையைவிட நூறு கிராம் போலக் குறைந்து பிறக்கும். எனவே ஒரு தலைச்சன் பெண் குழந்தையை, பக்கத்துக் கட்டிலில் மூன்றாவதாகப் பிறந்த ஆண் குழந்தையோடு ஒப்பிட்டு “எடை பத்தலையே” என்று முகம் வாடுவது அந்தத் தாய்க்குச் செய்கிற அநியாயம். பிரசவ வார்டில் இது தினமும் நடக்கும். எத்தனை மாமியார்களிடம் இதைச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

எடை முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவேதான் பெரிதாகத் தாவும். மூன்றாவது, நான்காவதில் ஏற்றம் கொஞ்சம்தான். கூடுகிற எடையும் முழுக்கத் தசையோ எலும்போ அல்ல. புனே அருகே ஆறு கிராமங்களில் 1993-இல் தொடங்கிய தாய்-சேய் ஊட்டச்சத்து ஆய்வில், தாய்க்குப் பிரசவங்கள் கூடக் கூடப் பிள்ளையின் தோலடிக் கொழுப்பும் கூடியிருந்தது. அந்தக் கிராமங்களில் மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் சுமார் 3.5 கிலோ. எடையில் இவ்வளவு பள்ளம் இருந்தும், நம் பிள்ளைகளின் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆகவே பிள்ளை ‘கொழுகொழு’ என்று இருப்பது ஒன்றையே குறியாக வைக்காதீர்கள்.

இப்போது நான் கண்ணால் பார்த்த ஒன்று. 18 முடிந்து சில மாதமே ஆன ஒரு பெண் வலியோடு வந்தாள். வளைகாப்பு வளையல்கள் மணிக்கட்டில் நிற்கவில்லை, கையைத் தூக்கினால் முழங்கை வரை வழுக்கி ஓடின. கர்ப்பத்துக்கு முன்னால் 38 கிலோ என்று அட்டையில் இருந்தது. பிள்ளை 2.1 கிலோ. நான்கரை வருடம் கழித்து அதே பெண், அதே மேஜை. இந்த முறை வளையல் இறுக்கமாக இருந்தது, ஊசி போட நரம்பு தேட வேண்டியிருந்தது. பிள்ளை 2.9 கிலோ. “ரெண்டாவதுன்னா இப்படித்தான்” என்றார் கூட வந்த பாட்டி. எனக்கு அட்டை சொன்னது வேறு. இரண்டு கர்ப்பத்துக்கும் நடுவே அவளுக்கு 9 கிலோ எடை கூடியிருந்தது. ஹீமோகுளோபின் 8-லிருந்து 11-க்கு வந்திருந்தது. இடையில் அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்து, தேறி, நன்றாகச் சாப்பிட்டிருந்தாள். இரண்டாவது பிரசவம் என்பதற்கு அந்த 800 கிராமில் நூறோ இருநூறோ பங்கு கொடுக்கலாம். மீதி அவள் உடம்பு தேறியதால் வந்தது. வயதும் ஏறியிருந்தது உண்மைதான், ஆனால் எடையை ஏற்றியது வயது என்று நான் எழுத மாட்டேன்.

சரி, உங்கள் அக்காவிடம் வருவோம்.

முதல் பிள்ளை 2.4, இரண்டாவது 2.9. இந்த அரை கிலோவை முழுக்கப் பிரசவக் கணக்கில் எழுத முடியாது. முதலில் கேட்க வேண்டியது: எத்தனை வாரத்தில்? கடைசி வாரங்களில் பிள்ளை வாரத்துக்குச் சுமார் 150 முதல் 200 கிராம் ஏறும். முதல் பிள்ளை 37 வாரத்திலும் இரண்டாவது 39 வாரத்திலும் பிறந்திருந்தால், அதிலேயே 300, 400 கிராம் போய்விட்டது. எடையைப் பற்றிப் பேசும் பத்துப் பேரில் ஒன்பது பேர் வாரத்தைச் சொல்வதில்லை. வாரம் தெரியாத எடையை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரே தாயின் பிள்ளைகள் எடையில் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அவளுக்கு என்று ஒரு வழக்கமான அளவு உண்டு. முதல் பிள்ளை ஏதோ காரணத்தால் அந்த அளவுக்கு ரொம்பக் கீழே பிறந்தால், அடுத்தது அந்த அளவை நோக்கித் திரும்புவதற்கே வாய்ப்பு அதிகம். அதைப் பார்த்து “இரண்டாவதால் ஏறியது” என்கிறோம். அதே கணக்கில், முதல் பிள்ளை எடை குறைந்து பிறந்த தாய்க்கு இரண்டாவதும் குறைந்து பிறக்க மற்றவர்களைவிட வாய்ப்பு கூடுதல் என்பதையும் மறக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்களை நாங்கள் இரண்டாவது கர்ப்பத்தில் அடிக்கடி வரச் சொல்வது அதற்காகத்தான்.

மூன்றாவது பிள்ளை 2.6 கிலோவுக்கு இறங்கியதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இடைவெளியை. பதினைந்து மாதத்தில் பிறந்தது என்றால், இரண்டாவது பிறந்து ஆறே மாதத்தில் உண்டாகியிருக்கிறார். கையில் பால் குடிக்கிற பிள்ளை, ராத்தூக்கம் இல்லை, ஒரு பிரசவத்தில் போன ரத்தமும் இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் திரும்பி வருவதற்குள் அடுத்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை வைத்து 1999-இல் வெளியான ஆய்வில், ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே 18 முதல் 23 மாதம் விட்டவர்களுக்குத்தான் எடை குறைவும் குறைப்பிரசவமும் மிகக் குறைவாக இருந்தன. ஆறு மாதத்துக்கும் குறைவாக விட்டவர்களுக்கும் கூடியது, ரொம்ப வருடம் விட்டவர்களுக்கும் கூடியது. அஞ்சு வருடத்துக்கு மேல் போனால் உடம்பு தலைப்பிரசவக்காரியின் உடம்பு மாதிரி ஆகிவிடுகிறது என்று ஒரு கருத்து உண்டு. தூர் வாரிய வாய்க்காலும் நாளானால் மண் மூடத்தானே செய்யும். பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாதம் விடுங்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் அக்காவிடம் இதைக் குற்றம் சொல்வது போலச் சொல்லிவிடாதீர்கள். கருத்தடை பற்றிப் பிரசவ வார்டிலேயே அவரிடம் யாராவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

நான்கு, ஐந்து பிரசவம் என்று போனவர்களின் பிள்ளைகள் எடை குறைந்திருப்பதைப் பார்த்து “நிறையப் பெற்றால் கர்ப்பப்பை களைத்துவிடும்” என்பார்கள். பதிவேட்டில் ‘பி4 எல்2’ என்று எழுதும்போது எனக்குக் கை ஒரு நொடி நின்றுவிடும். நான்கு பெற்று இரண்டுதான் மிஞ்சியிருக்கிறது. பிள்ளையை இழந்த தாய் சீக்கிரம் மறுபடி உண்டாகிறாள், இடைவெளி குறைகிறது. வீட்டில் வறுமை இருக்கிறது, ரத்தசோகை இருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்து பிள்ளையின் எடையைக் குறைக்க, பழி எண்ணிக்கை மேல் விழுகிறது. அதிகப் பிரசவங்களால் ரத்தப்போக்கு போன்ற ஆபத்துகள் நிஜமாகவே உண்டு, அது வேறு விஷயம். தமிழ்நாட்டில் இப்போது ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆகவே இங்கே இது பழைய பதிவேடுகளின் கதையாக ஆகிவருகிறது.

வயது தானாகவே கெடுதல் செய்கிற ஓரம் ஒன்று உண்டு. அது கீழ் ஓரம். 15, 16, 17 வயதில் பெண்ணே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறாள். அமெரிக்காவின் கேம்டன் நகரில் இளம் வயதுத் தாய்மாரைப் பின்தொடர்ந்தபோது, கர்ப்பத்திலும் உயரம் வளர்ந்துகொண்டிருந்த பெண்கள் தங்கள் எடையை நன்றாக ஏற்றினாலும் அவர்களின் பிள்ளைகள் சிறிதாகப் பிறந்தன. சாப்பிட்டதில் ஒரு பங்கைத் தாயின் உடம்பே எடுத்துக்கொண்டது. 20 வயதில் உங்கள் அக்காவுக்கு இந்தப் பிரச்சினை இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

மேல் ஓரத்தில்தான் குழப்பம் அதிகம். 35 வயதுக்கு மேல் எடை குறைவான பிள்ளைகளும் குறைப்பிரசவமும் கூடுகின்றன என்று பல நாட்டுப் பதிவுகள் சொல்கின்றன. ஆனால் 2017-இல் பின்லாந்துப் பதிவேடுகளை வைத்து ஒரு நல்ல வேலை செய்தார்கள். வெவ்வேறு தாய்மாரை ஒப்பிடாமல், ஒரே தாய் இளவயதில் பெற்ற பிள்ளையையும் 35-க்குப் பிறகு பெற்ற பிள்ளையையும் ஒப்பிட்டார்கள். வெவ்வேறு பெண்களை ஒப்பிட்டபோது தெரிந்த வித்தியாசம், ஒரே தாயின் பிள்ளைகளுக்குள் பார்த்தபோது காணாமல் போனது. அதாவது தாமதமாகப் பெறுகிறவர்களில், ஏற்கெனவே வேறு உடல்நலச் சிக்கலோ கரு தங்காத சிரமமோ உள்ளவர்கள் அதிகம் இருக்கிறார்கள். வயது மட்டும் அதைச் செய்யவில்லை. பின்லாந்தின் மருத்துவக் கவனிப்பு நம் எல்லா ஊரிலும் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் உங்கள் அத்தையிடம் சொல்ல இது போதும்.

வயதோடு வருகிறவை இரண்டு, அவற்றை நீங்கள் விடக் கூடாது. ஒன்று பிரஷர். அது ஏறினால் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைந்து பிள்ளை சிறுக்கும். இன்னொன்று சுகர். அது ஏறினால் பிள்ளை அளவுக்கு மேல் பெருக்கும். ஒன்று கீழே இழுக்கிறது, மற்றொன்று மேலே தள்ளுகிறது. முப்பதுகளின் கடைசியில் உள்ள தாய்மாரின் பிள்ளைகளைச் சராசரி எடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒன்றும் நடக்காதது போலத் தெரியலாம். ஆனால் வார்டில் 1.9 கிலோவும் படுத்திருக்கும், 4.1 கிலோவும் படுத்திருக்கும். சராசரி ஒரு தாய்க்கும் ஆறுதல் ஆகாது. சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா போன்றவர்கள் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சுகர் பார்த்தே ஆக வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தியதன் பலன், இன்று 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கச் சொல்லி இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். 24 முதல் 28 வாரத்துக்குள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். உங்களுக்கு இப்போது அந்தக் காலம்தான். இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே போங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. “கம்மியாச் சாப்பிட்டா பிள்ளை சின்னதா இருக்கும், சுகப்பிரசவம் ஆகும்” என்று உங்களிடமும் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் போரால் பஞ்சம் வந்து, ஒருவருக்கு ஒரு நாள் ரேஷன் ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. கடைசி மூன்று மாதத்தில் அந்தப் பஞ்சத்தில் சிக்கிய தாய்மாரின் பிள்ளைகள் சுமார் 300 கிராம் குறைந்து பிறந்தன. அவர்கள் அதற்கு முன் நல்ல போஷாக்கோடு இருந்தவர்கள். தலைச்சனுக்கும் அடுத்ததுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட இது பெரிது. நம் ஊரில் எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் குறைமாதப் பிள்ளைகள் அல்லர். மாதம் நிறைந்தும் எடை ஏறாதவர்கள். அதே 2019-21 கணக்கெடுப்பில், இந்தியா முழுவதும் எடை தெரிந்த பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 18 பேர் 2.5 கிலோவுக்குக் கீழே. கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை. வயதையும் பிரசவக் கணக்கையும் நம்மால் மாற்ற முடியாது, இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் விழுங்க முடியும்.

2.5 கிலோ என்ற அந்தக் கோட்டையும் ரொம்பப் பயத்தோடு பார்க்க வேண்டாம். 2.48-ம் 2.52-ம் ஒரே பிள்ளைதான். எடை போடும்போது துணியின் எடையைக் கழிக்காமல் விட்டாலே கோடு தாண்டிவிடும். முள் 2.45-இல் நின்றாலும் 2.5 என்று எழுதிய பதிவேடுகளை நான் பார்த்திருக்கிறேன். தேசியக் கணக்கெடுப்பிலும் 2.5, 3 என்ற எண்களிலேயே எடைகள் குவிந்து கிடப்பது இதனால்தான். பிறந்து மூன்றாம் நாள் வேறு இடத்தில் எடை போட்டுவிட்டு “குறைஞ்சிருச்சே” என்று பதறுவார்கள். முதல் சில நாளில் நூற்றுக்கு 7 முதல் 10 வரை இறங்கி, இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறுவது இயல்பு.

அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது வயிற்றில் டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 24 வாரத்துக்குப் பிறகு சென்டிமீட்டர் ஏறக்குறைய வாரத்தோடு ஒத்துப்போகும். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பின்தங்கினால் ஸ்கேன் எழுதித் தருவார்கள். பிரஷரும் ஹீமோகுளோபினும் என்ன என்று வாயால் கேட்டு அட்டையில் பாருங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் மாத்திரை போதுமா, ஊசி வழியாக இரும்புச் சத்து ஏற்ற வேண்டுமா என்று கேளுங்கள். வீட்டில் அக்காவின் மூன்று அட்டைகளும் இருந்தால் எடுத்துப் பாருங்கள்: ஒவ்வொரு பிரசவமும் எத்தனை வாரத்தில், ஆணா பெண்ணா, கர்ப்பத்துக்கு முன் அவர் எடை எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு. அந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள். 2.4, 2.9, 2.6 என்ற மூன்றுக்கும் எது எவ்வளவு காரணம் என்று இன்னும் நெருங்கிச் சொல்ல முடியும்.